வாசகர் கேள்வி-பதில்: ஆவியாகப் போகும் தண்ணீருக்கு என்ன கணக்கு?

போன இதழில், கிணற்றிலிருந்து எவ்வளவு இறைத்தோம் என்று பார்ப்பதைவிட வயலிலிருந்து எவ்வளவு ஆவியாகப் போனது என்று பார்க்கப் பழக வேண்டும் என ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் சேர்த்து வைத்து இந்த இதழில் பதில் சொல்கிறேன். குரல் பதிவு அனுப்பியவர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டுப் பேசியிருந்தால் இன்னும் இரண்டு கேள்வி எனக்குப் புரிந்திருக்கும்.

ஈ.டி., ஈ.டி. என்று எழுதுகிறீர்களே, அப்படி என்றால் என்ன சார்? எங்கள் புத்தகத்தில் நீராவிப்போக்கு என்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒன்றா? (கல்லூரி மாணவி, விருதுநகர்)

முழுக்க ஒன்றில்லை அம்மா. ஈர மண்ணின் மேல்பரப்பிலிருந்து நேராக ஆவியாவது ஒரு பங்கு. வேர் உறிஞ்சி, தண்டில் ஏற்றி, இலைத் துளைகள் வழியாக வெளியே விடுவது இன்னொரு பங்கு. இந்த இரண்டாவதைத்தான் நம் புத்தகம் நீராவிப்போக்கு என்கிறது, இலங்கைப் புத்தகங்கள் ஆவியுயிர்ப்பு என்கின்றன. வயலில் நின்றுகொண்டு இது மண்ணிலிருந்து போனது, இது இலையிலிருந்து போனது என்று பிரிப்பது பெரிய பாடு என்பதால் இரண்டையும் சேர்த்தே அளக்கிறார்கள், அந்தக் கூட்டுத்தொகைக்குத்தான் வேளாண் கல்லூரிக்காரர்கள் வாயில் ஈ.டி. என்று பெயர்.

மழையைச் சொல்வதுபோல இதையும் மில்லிமீட்டரில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு லிட்டர், ஏக்கருக்கு என்றால் சுமார் 4,000 லிட்டர். நம்முடைய வறண்ட மாவட்டங்களில் கோடை நாளில் 6 மில்லிமீட்டர் போவது சாதாரணம், அதாவது நன்றாக நனைந்து முழுக்கப் பசுமை மூடிய ஒரு ஏக்கரிலிருந்து ஒரே நாளில் 24,000 லிட்டர், இரண்டு தண்ணீர் லாரி கொள்ளும் அளவு, யார் கண்ணுக்கும் தெரியாமல் மேலே போய்விடுகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் வெப்பத்தை மின்சாரமாகக் கணக்குப் போட்டால் சுமார் 2,700 யூனிட் வரும். அவ்வளவையும் சூரியன் இனாமாகக் கொடுக்கிறது. அந்த வெப்பத்தை ஆவி தூக்கிக்கொண்டு போய்விடுவதால்தான் நல்ல நண்பகலில் தண்ணீர் கட்டிய வாழை இலையைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் ஜில்லென்று இருப்பதும் இதே வேலைதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செயற்கைக்கோள் கேள்வி வரும்போது வேண்டியிருக்கும்.

கருவி வாங்கக் காசில்லை ஐயா. வீட்டிலேயே அளக்க ஏதாவது வழி உண்டா? (விவசாயி, ஒட்டன்சத்திரம்)

உண்டு. உலகம் முழுக்க இதற்கு இருக்கும் பழைய கருவியே ஒரு தட்டுதான். 120.7 செ.மீ. விட்டம், 25 செ.மீ. ஆழம், தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் மரச்சட்டத்தின் மேல் வைத்த வட்டத் தொட்டி. விளிம்புக்கு 5 செ.மீ. கீழே வரை தண்ணீர் ஊற்றி, தினமும் காலையில் ஒரே நேரத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மழை பெய்திருந்தால் மழை அளவையும் கூட்டிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான்.

தட்டில் இறங்கிய அளவு அப்படியே பயிரின் கணக்கு ஆகாது. தகரம் சூடேறும், நாலு பக்கமும் காற்று அடிக்கும், அதனால் தட்டு கொஞ்சம் அதிகமாகவே காட்டும். பொதுவாக 0.7-ஆல் பெருக்குவார்கள். தட்டைச் சுற்றிப் பச்சைப் பயிர் இருந்தால் 0.8 பக்கம் போகும், காய்ந்த தரிசுக்கு நடுவில் வைத்தால் 0.6-க்குக்கூட இறங்கும். ஆக, தட்டை எங்கே வைத்தோம் என்பதை நோட்டில் முதல் வரியாக எழுதிவிடுங்கள்.

நான் முதன்முதலில் வைத்தபோது வலை போடவில்லை. ஒரு நாள் காலையில் பார்த்தால் 14 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பாலைவனத்தில்கூட இப்படிப் போகாதே என்று ஒரு மணி நேரம் மண்டையைக் குடைந்துகொண்டு, ஓட்டை இருக்கிறதா என்று தொட்டியின் அடியைத் தடவிப் பார்த்து, கடைசியில் விளிம்பில் சேற்றுக் கால்தடத்தைப் பார்த்த பிறகுதான் தெருநாய் வந்து குடித்துவிட்டுப் போயிருப்பது தெரிந்தது. அன்றைக்கே கோழிவலை வாங்கிப் போட்டேன். வலை போட்டால் நிழலும் காற்றுத் தடையும் சேர்ந்து கணக்கு பத்து சதவீதம் போல் குறையும், அதையும் சரிக்கட்ட வேண்டும். இந்தியத் தரநிலைத் தட்டு வலையோடுதான் வருகிறது, அதற்கு 0.8-ஆல் பெருக்குகிறார்கள்.

பாதியாக வெட்டிய 200 லிட்டர் டிரம்மில் செய்யலாமா என்று இன்னும் மூன்று பேர் கேட்டிருந்தார்கள். செய்யலாம். ஆனால் வாய் சிறியதாக இருந்தால் ஆவியாவது கூடும், அதனால் 0.7 என்பது அதற்குப் பொருந்தாது. பக்கத்தில் வானிலைத் தட்டு உள்ள ஆராய்ச்சி நிலையம் இருந்தால் இரண்டு வாரம் அவர்கள் எண்ணையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், உங்கள் டிரம்முக்கு எதனால் பெருக்குவது என்று பிடிபட்டுவிடும்.

சரி, தட்டில் 9 மில்லிமீட்டர் வந்தது. வாழைக்கு எத்தனை மணி நேரம் சொட்டுநீர் விடுவது? அதைச் சொல்லுங்கள் முதலில். (புளியம்பட்டி)

சொல்கிறேன். 9-ஐ 0.7-ஆல் பெருக்கினால் 6.3. இது கட்டையாக வெட்டிய பச்சைப் புல்வெளி ஒன்று அந்த நாளில் செலவழிக்கும் அளவு. உலக உணவு வேளாண் அமைப்பு 1998-ல் போட்ட கையேட்டில் 12 செ.மீ. உயரப் புல்லைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். உங்கள் வாழை புல் இல்லை, அதனால் பயிர்க்கெழு என்று ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். முதல் வருட வாழைக்கு நட்ட புதிதில் 0.5, இலை விரித்து நிழல் கட்டியபின் 1.1. நிழல் கட்டிய தோட்டம் என்றால் 6.3-ஐ 1.1-ஆல் பெருக்கி, ஏறத்தாழ 7 மில்லிமீட்டர்.

ஆறடிக்கு ஆறடி நட்டிருந்தால் ஒரு மரத்துக்கு சுமார் 3.3 சதுர மீட்டர். 7-ஐ 3.3-ஆல் பெருக்க, மரத்துக்கு 23 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் இரண்டு வைத்திருந்தால் 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நட்ட புதிதில் இதில் பாதிகூட வேண்டாம், ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் கன்று வைத்த நாளிலிருந்து தார் வெட்டும் வரை ஒரே நேரம்தான் ஓடுகிறது, ஏனென்றால் கரண்ட் வரும் நேரம்தான் மோட்டார் ஓடும் நேரம். டிரிப்பரில் உப்பு அடைத்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் காகிதத்தோடு சரி. ஒரு டிரிப்பருக்கு அடியில் டம்ளரை வைத்து, பதினைந்து நிமிடத்தில் ஒரு லிட்டர் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். டம்ளர் வழிந்தால் சொம்பு வையுங்கள்.

செல்போன் ஆப் 4.8 மி.மீ. என்கிறது. ஆடி மாதம், வானம் மூட்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் பயிர் வாடுகிறது. ஆப் பொய்யா? (உடுமலை)

பொய் இல்லை, அதற்குக் காற்று தெரியவில்லை. அவ்வளவுதான்.

ஆவியாவதற்கு நாலு காரணம். வெயில், வெப்பம், காற்றின் வறட்சி, காற்றின் வேகம். நாலையும் சேர்த்துக் கணக்கிடும் சூத்திரத்துக்கு அடி போட்டவர் பென்மன், 1948-ல். மான்டீத் 1965-ல் அதில் இலையின் தடையைச் சேர்த்தார், இன்றைக்கு உலகம் முழுக்க ஓடுவது இந்தப் பென்மன்-மான்டீத்தான். ஆனால் அதற்கு நாலு விவரமும் வேண்டும். எல்லா ஊரிலும் காற்றுமானி இல்லையே, அதனால் அன்றைய அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலையை மட்டும் வைத்துப் போடும் ஹார்கிரீவ்ஸ் என்ற சுருக்கு வழி ஒன்று இருக்கிறது. நம் பக்கத்து மே மாதத்துக்கு, 37 டிகிரியும் 25 டிகிரியும் கொடுத்தால் 6 மில்லிமீட்டர் என்று அழகாகச் சொல்லிவிடும். நீங்கள் வைத்திருக்கும் ஆப் வெப்பநிலையை மட்டும் எடுத்துக்கொள்கிறதா என்று பாருங்கள்.

அப்படி என்றால் உங்கள் ஊரில் அது ஆடியில் தோற்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று மழையை மேற்கே இறக்கிவிட்டு வெறுங்கையோடு உங்கள் பக்கம் வருகிறது. அம்மியை நகர்த்துகிறதோ இல்லையோ, இலையைச் சுற்றி நிற்கும் ஈரப்படலத்தைத் துடைத்து எடுத்துவிடுகிறது. மூட்டமாக இருக்கிறதே என்று ஆடியில் தண்ணீரைக் குறைப்பவர்களுக்கு வாட்டம் வருவது இதனால்தான். இந்த விஷயத்தில் உங்கள் தட்டு ஆப்பைவிட நம்பகமானது, தட்டின் மேல் காற்று அடிக்கிறது அல்லவா. ஓரத்தில் சவுக்கோ அகத்தியோ வைத்தால் வித்தியாசம் தெரியும்.

அரசு மானியத்தில் சொட்டுநீர் போட்டேன். ஊரில் பாதிப் பேர் போட்டுவிட்டார்கள். தண்ணீர் மிச்சமாகும் என்றார்கள், போர் இன்னும் கீழேதான் போகிறது. யார் சொன்னது தப்பு? (பல்லடம்)

இந்த இதழில் எனக்கு வந்த கேள்விகளில் இதுதான் பெரியது, கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

ஒரு பேச்சுக்கு, பழைய முறையில் வாய்க்கால் வெட்டிப் பாத்தி கட்டிப் பாய்ச்சியபோது 10 பங்கு தண்ணீர் இறைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயிரும் மண்ணும் சேர்ந்து ஆவியாக விட்டது 6 பங்கு. மீதி 4 பங்கு எங்கே போனது? பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்கி, கொஞ்ச நாளில் உங்கள் கிணற்றுக்கோ பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுக்கோ போய்ச் சேர்ந்தது. இப்போது சொட்டுநீர் போட்டு 7 பங்குதான் இறைக்கிறீர்கள். பார்ப்பதற்கு 3 பங்கு மிச்சம். ஆனால் பயிர் ஆவியாக விடுவது அதே 6, விளைச்சல் நன்றாக வந்தால் அதற்கும் மேலே. மிச்சம் என்று நீங்கள் நினைத்த 3 பங்கு, முன்பு கீழே இறங்கிக் கிணற்றுக்கே திரும்பியது. அதை வைத்துத் தரிசாகக் கிடந்த இன்னொரு அரை ஏக்கரிலும் தக்காளி வைத்தீர்கள் என்றால் அந்த 3 பங்கும் இனி வானத்துக்குப் போகும். கீழே இறங்குவது ஏறக்குறைய நின்றுவிடும், மேலே போவது 6-லிருந்து 9 ஆகும். போர் இறங்காமல் என்ன செய்யும்?

இதை உங்கள் மேல் பழியாகச் சொல்லவில்லை. இலவச மின்சாரம், கையில் மிச்சத் தண்ணீர், பக்கத்தில் சும்மா கிடக்கும் நிலம் இருந்தால் யாரானாலும் விதைக்கத்தான் செய்வார்கள். உலகம் முழுக்க இதே கதைதான். 2018-ல் சயின்ஸ் இதழில் கிராஃப்டனும் உடன் எழுதியவர்களும் இதைப் பாசனத் திறனின் முரண் என்றே பெயர் வைத்து எழுதினார்கள். சொட்டுநீர் கெட்டது என்று நான் சொல்லவே இல்லை. களை குறைகிறது, ஆள் கூலி குறைகிறது, உரம் சிந்தாமல் வேருக்குப் போகிறது, கரண்ட் குறைகிறது, வரிசைக்கு நடுவில் மண் காய்ந்தே கிடப்பதால் வீணாக ஆவியாவதும் ஓரளவு குறைகிறது. ஆனால் ஊரின் நிலத்தடி நீர் மிச்சமானதா என்று தெரிய, எத்தனை ஏக்கரில் குழாய் போட்டோம் என்பது போதாது, ஊர் முழுக்கச் சேர்த்து ஈ.டி. குறைந்ததா என்று பார்க்க வேண்டும். மானியக் கணக்கில் அந்தக் கட்டம் இல்லை.

குறைக்க என்ன வழி? மூடாக்கு போடுவது, கோடைப் பயிரை ஒன்று குறைப்பது, கரும்பு இருந்த இடத்தில் சோளமோ கம்போ வைப்பது. கரும்பு வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும், உச்சத்தில் பயிர்க்கெழு 1.25. கம்பு மூன்று மாதத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். விலையைக் கேட்காதீர்கள், அது என் துறை இல்லை.

எங்கட பக்கம் வெங்காயத்துக்கு வாய்க்கால் வழியாத்தான் இறைக்கிறம். கீழ போற தண்ணி திரும்பக் கிணத்துக்குத்தானே வருது, அப்ப நீங்கள் சொல்ற கணக்குப்படி நட்டமில்லைத்தானே? (யாழ்ப்பாணம்)

நல்லாப் பிடித்தீர்கள். தண்ணீரின் அளவுக் கணக்கில் நட்டமில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல், மேலே இருப்பது செம்மண், இறங்கும் தண்ணீர் தனியாக இறங்குவதில்லை, நீங்கள் போட்ட யூரியாவின் நைத்திரேற்றையும் (நைட்ரேட்) கையோடு கூட்டிக்கொண்டு இறங்குகிறது. குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன லிட்டருக்கு 50 மில்லிகிராம் எல்லையைத் தாண்டியிருப்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அதே கிணற்றில்தான் பிள்ளைகளுக்குக் குடிக்க அள்ளுகிறோம். அதனால் உங்கள் ஊரில் இறைப்பை ஈ.டி. அளவோடு நிறுத்துவது கிணற்றின் மட்டத்துக்காக இல்லை, கிணற்றின் சுத்தத்துக்காக. மழை ஒன்றைத் தவிர வேறு வரத்து இல்லாத இடம் என்பதால் கடலோரத்தில் அதிகம் இறைத்தால் உவர் ஏறுவதும் சேர்ந்துகொள்ளும்.

செயற்கைக்கோள் வைத்து எந்த வயல் எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று அமெரிக்காவில் பார்த்துவிடுகிறார்களாமே? நமக்கு எப்போது வரும்? (மென்பொருள் ஊழியர், சொந்த ஊர் சாத்தூர்)

பார்க்கிறார்கள், ஆனால் செயற்கைக்கோள் தண்ணீரைப் பார்ப்பதில்லை, சூட்டைப் பார்க்கிறது. முதல் பதிலில் குளிர்ந்த வாழை இலையைச் சொன்னேன் அல்லவா, அதுதான் சூட்சுமம். வயல் மேல் விழும் வெயிலில் ஒரு பங்கு மண்ணைச் சூடாக்குகிறது, ஒரு பங்கு காற்றைச் சூடாக்குகிறது, மீதி தண்ணீரை ஆவியாக்குகிறது. முதல் இரண்டையும் கணக்கிட்டுக் கழித்தால் மூன்றாவது கிடைத்துவிடும். படத்தில் நன்றாக நனைந்த பச்சை வயல் ஒன்றைக் குளிர்ந்த முனையாகவும் காய்ந்த தரிசு ஒன்றைச் சூடான முனையாகவும் எடுத்துக்கொண்டு மற்ற வயல்களை அந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துவிடுவது மெட்ரிக் என்ற முறை. நெதர்லாந்தில் பாஸ்டியான்சன் உருவாக்கிய சீபல் முறையிலிருந்து அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆலனும் அவரோடு இருந்தவர்களும் வளர்த்தெடுத்தது. ஐடஹோ வறண்ட மாநிலம், உருளைக்கிழங்குக்குப் பேர்போனது, தண்ணீர் உரிமைச் சண்டைக்கும் பேர்போனது. அங்கே நீர்வளத் துறை இந்தப் படங்களைத்தான் ஆதாரமாக வைத்துக்கொள்கிறது. லேண்ட்சாட் 8 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோளைத் திட்டமிட்டபோது செலவைக் குறைக்கச் சூட்டை அளக்கும் கருவியை விட்டுவிடப் பார்த்தார்கள், மேற்கு மாநிலத்துத் தண்ணீர்க்காரர்கள் குரல் கொடுத்தபிறகு சேர்த்து 2013-ல் ஏவினார்கள். 2021-ல் ஓப்பன் ஈ.டி. என்ற தளம் வந்தது, மேற்கு மாநிலங்களில் யாரும் தங்கள் வயலைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நமக்கு என்றால் இரண்டு சிக்கல். லேண்ட்சாட் 8, 9 இரண்டும் சேர்ந்து எட்டு நாளைக்கு ஒருமுறை வருகின்றன, ஐப்பசி கார்த்திகையில் வந்தால் மேகத்தைத்தான் படம் எடுக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் நம் நிலத்தின் அளவு. சூட்டை அளக்கும் கட்டம் ஒன்று 100 மீட்டருக்கு 100 மீட்டர், அதாவது இரண்டரை ஏக்கர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒருவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. உங்கள் சாத்தூர்க் கரிசலில் ஒரே கட்டத்துக்குள் உங்கள் சித்தப்பாவின் பருத்தி, பங்காளியின் தரிசு, நடுவில் ஒரு வேலிக்கருவைப் புதர், எல்லாம் கலந்து சராசரியாகத்தான் தெரியும். கணக்கு முறைகளால் கட்டத்தை 30 மீட்டருக்குக் கூர்மையாக்குகிறார்கள், இருந்தாலும் தனி ஆளுக்கு இவ்வளவு என்று பில் போட அது போதாது என்பது என் கருத்து. ஊருக்கு, ஒன்றியத்துக்கு, கண்மாய்ப் பாசனப் பரப்புக்கு என்று கணக்கெடுக்கத் தாராளமாகப் போதும், பல்லடத்துக்காரர் கேட்ட கேள்விக்கு வேண்டியதும் அதுதான். உங்கள் கையில் மென்பொருள் இருக்கிறது, லேண்ட்சாட் படங்கள் இலவசம், சும்மா இருக்கும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் உங்கள் ஊர்க் கண்மாய்ப் பக்கம் போட்டுப் பாருங்கள் தம்பி.

சீமைக்கருவேலம் காற்றில் இருக்கும் ஈரத்தையே உறிஞ்சிவிடும் என்கிறார்களே? (ராமநாதபுரம்)

காற்றை உறிஞ்சி மழையைக் கெடுக்கிறது என்பதெல்லாம் கதை. உண்மை என்னவென்றால் அதன் வேர் ஆழமானது, மற்ற செடியெல்லாம் காய்ந்து கிடக்கும் சித்திரையிலும் அது பச்சையாக நிற்கிறது, பச்சையாக நிற்கிறது என்றால் எங்கிருந்தோ தண்ணீரை எடுத்து ஆவியாக விட்டுக்கொண்டிருக்கிறது. வெட்டிவிட்டால் போதும் என்றும் இல்லை, வெட்டிய இடத்தில் என்ன வருகிறது என்பதைப் பொறுத்தது.

பண்ணைக்குட்டைத் தண்ணீர் தை வரை நிற்கிறது, மாசியில் காலி. (சிவகங்கை)

ஒரு நாளைக்கு 6 மில்லிமீட்டர் என்றால் 120 நாளில் 72 செ.மீ. ஒன்றரை மீட்டர் ஆழக் குட்டையில் பாதி வெயிலுக்கே போய்விடும், கசிவு தனி. அடுத்த முறை வெட்டும்போது அகலத்தைக் குறைத்து ஆழத்தைக் கூட்டுங்கள், ஆவியாவது மேல்பரப்பைப் பொறுத்தது. நூறு ஹெக்டேர் விரிந்து முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் மண் மேவிய கண்மாயிலும் இதே கதைதான், அங்கே ஒரு நாளைக்கு 60 லட்சம் லிட்டர். குஜராத்தில் மெஹ்சானா மாவட்டத்தில் 2012-ல் 750 மீட்டர் கால்வாய்க்கு மேல் சோலார் பலகை போட்டுக் கூரையாக்கினார்கள், கரண்டும் வருகிறது, நிழலும் விழுகிறது. நம் குட்டைக்கு அது கட்டுப்படியாகாது. காற்று வரும் பக்கம் நாலு மரம் வையுங்கள்.

தட்டு வைக்கலாம்தான், வீட்டில் டெங்கு வரும் என்று திட்டுகிறார்கள். (பெயர் வேண்டாம் என்றவர், மதுரை)

திட்டுவது நியாயம்தான். வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பக்கவாட்டைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். பாசி பிடித்தாலும் கணக்கு மாறும், அதற்கும் இதே மருந்து. மண்ணெண்ணெய் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கொசு சாகும், ஆனால் மேலே எண்ணெய்ப் படலம் மூடிக்கொண்டு மறுநாள் காலையில் உங்கள் தட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இறங்கியிருக்காது.